உம்மாவைப் பார்க்க ஓர் ஆள்



இம்முறை வந்த கடிதங்களுள் ஒன்றைப் படித்த பின்னர் இரண்டு நாட்களாக மற்றக் கடிதங்களைப் பிரிக்க மனம் வரவில்லை. கிழக்கு மாகாணத்திலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஐந்து பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

சகோதரிக்கு வயது 52. உம்மாவுக்கு 79. வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருடங்கள் ஆகின்றன. அவர்களது ஊர் வழக்கப்படி கலியாணத்தின்போது வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்புறத்தில் இரண்டு அறைகளைக் கட்டிக்கொண்டு உம்மா தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு வந்தார். சென்ற வருடம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. சீனி வருத்தமும் இருக்கிறது. ஆண்மக்கள் இருவர். ஒருவர் கத்தாரில் தொழில் செய்கிறார், மற்றவர் கொழும்பில் வியாபாரம். சகோதரி காலை ஆறரைக்கு முன் உம்மாவைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, ஊட்டிவிட்டுப் பாடசாலைக்கு ஓடுகிறார். இடைவேளையில் வந்து ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். இரவில் மூன்று தடவையாவது எழும்ப வேண்டியிருக்கிறது. தூக்கிக் கிடத்தி அவருடைய இடுப்பும் போய், இப்போது அவரும் மருந்து குடிக்கிறார்.

கொழும்புச் சகோதரர், பணம் கட்டித் தங்கும் முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்துப் பேசி வந்திருக்கிறாராம். கத்தார்ச் சகோதரர், “ஆளொன்றை வை, காசு அனுப்புகிறேன்” என்கிறாராம். எந்தப் பேச்சையும் இருவரும் முடிப்பது ஒரே வசனத்தோடுதான்: “வீடு உனக்குத்தானே தந்தது.”

“உம்மா எனது கையைப் பிடித்துக்கொண்டு, ‘என்னெ எங்கயும் கொண்டுபோய் உட்டுடாத மகள்’ என்று அழுகிறார். வீட்டிலேயே ஆள் வைக்கலாம்தான். ஆனால் சம்பளத்துக்கு ஒருத்தியை அமர்த்தி என் உம்மாவின் அசுத்தத்தை அவள் கையால் அள்ள விட்டால், நாளை அல்லாஹ்விடம் நான் என்ன பதில் சொல்வேன்?” என்று கேட்கிறார். கடிதத்தின் ஓரத்தில் வேறொரு சிறிய கேள்வியும் எழுதியிருக்கிறார். அதைக் கடைசியில் பார்ப்போம்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை, சகோதரி. அதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் அல்-இஸ்ரா அத்தியாயத்தின் 23, 24 ஆம் வசனங்களைப் பொருளோடு ஒருமுறை ஓதிப் பாருங்கள். பெற்றோரின் முதுமையைப் பேசும் அவ்விடத்தில், அவர்கள் பிள்ளையின் அருகிலேயே முதுமையடைவதாக வைத்துத்தான் பேச்சு வருகிறது. சலிப்பைக் காட்டும் மிகச் சிறிய சொல்லையும் அது தடுக்கிறது. பணிவையும் துஆவையும் கேட்கிறது. யார் கழுவ வேண்டும், யார் தூக்க வேண்டும் என்று அங்கே பட்டியல் இல்லை. இரவு மூன்று தடவை எழும்பிய பெண்ணை உம்மா நான்காம் தடவை கூப்பிடும்போது, அந்தச் சிறிய சொல் வாயிலிருந்து வராமலிருக்குமா? எனக்கு வந்திருக்கிறது. ஒரு தடவையல்ல.

எங்கள் வீட்டில் நடந்ததை இதுவரை இப்பக்கத்தில் நான் எழுதியதில்லை. இக்கடிதத்திற்குப் பதில் சொல்ல அதை எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

கண்டிக்கு அண்மையில் எமது வீடு. 2016 இல் என் உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை செய்து வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அதன் பின்னர் நடை திரும்பவில்லை. ஒரு வருடத்துக்குள் மறதியும் சேர்ந்துகொண்டது. நானாவுக்குக் கடை, எனக்குக் கந்தோர், தங்கச்சிக்குக் கைக்குழந்தை. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பதைத் தாண்டியவர். குவைத்தில் ஆறு வருடம் ஒரு வயோதிப மாதைப் பராமரித்தவர். பிள்ளைகள் அவரை அக்கா என்றார்கள், நாங்களும் அப்படியே அழைத்தோம்.

அவர் வந்து ஒரு வாரத்துக்குள் வீட்டின் நிறமே மாறிவிட்டது. உம்மாவின் தலைமயிர் வாரிக் கட்டப்பட்டிருந்தது, நகம் வெட்டப்பட்டிருந்தது. பாங்கு கேட்டால் ஒரு கோப்பைத் தண்ணீரும் பேசினும் கட்டிலடிக்கு வரும். வுழூவின் ஒழுங்கைத் தங்கச்சி ஒருதரம்தான் காட்டிக் கொடுத்தாள். வெள்ளைத் தொழுகை உடுப்பை உம்மாவுக்குப் போட்டுத் தலையணையை உயர்த்திச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு அறைக்கு வெளியே போய் நின்றுகொள்வார். எத்தனையாவது ரக்அத் என்பது உம்மாவுக்கு மறந்துபோகும். மறதியோடே தொழுதார். நான் அருகிலிருந்து எண்ணிச் சொல்வேன். அந்த வேலை ஒன்றுதான் எனக்கு மிஞ்சியது. உண்மையைச் சொன்னால், உம்மாவோடு அமர்ந்து ஆறுதலாகப் பேச எனக்கு நேரம் கிடைத்தது அக்கா வந்த பிறகுதான்.

நாங்கள் செய்த பிழையும் அங்கேதான் தொடங்கியது. எல்லாம் நன்றாக நடக்கிறதென்று கண்டதும் எல்லாவற்றையும் அவர் தலையில் போட்டோம். பகல் முழுவதும் அவர், இரவும் அவர். உம்மாவின் கட்டிலடியில் பாய் விரித்துப் படுப்பார். மறதியுள்ளவர்களுக்குப் பகலும் இரவும் மாறிப் போவதுண்டு. உம்மா நள்ளிரவில் எழும்பி வாப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார். வெளியாட்கள் வந்தால் தேநீர் ஊற்றுவதும் அக்காதான். பெருநாளுக்கு இருபத்தைந்து பேருக்குச் சமைத்ததும் அவர்தான். நான்கு மாதத்தில் ஒரு நாளாவது லீவு கொடுத்தோமா என்றால், இல்லை. அவர் கேட்கவுமில்லை, நாங்கள் நினைக்கவுமில்லை. சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்ததால் எல்லாம் சரியென்று இருந்துவிட்டோம்.

ஓர் இரவு அவர் அயர்ந்து உறங்கிவிட, உம்மா கட்டிலிலிருந்து சரிந்து கீழே வந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடி வந்த நானா, “காசு வாங்கிட்டு நித்திரை கொள்றதா?” என்று சத்தம் போட்டார். அக்கா ஒன்றும் பேசவில்லை. காலையில் உம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பின்னர் ஐந்து நாட்கள் நானும் தங்கச்சியும் மதினியும் மாறி மாறிப் பார்த்தோம். மூன்று பேர் சேர்ந்தும் முடியவில்லை. படுத்த படுக்கையிலிருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டிக் கிடத்த வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். வைத்தியசாலையில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் புரட்டியவர் ஒரு மணிக்கு எழும்பவில்லை, மூன்று மணிக்கும் எழும்பவில்லை. மூன்றாம் நாள் முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேல் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையவில்லை. அப்படி மறையாதிருந்தால் தோலுக்குக் கீழே சதை கெடத் தொடங்கிவிட்டதென்று அர்த்தம். அது தெரியாமல் மதினி அதன்மேல் எண்ணெய் போட்டுத் தேய்த்தார். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாதாம். ஐந்தாம் நாள் தோல் உடைந்துவிட்டது.

அன்று பின்நேரம் நானும் நானாவும் ஹட்டனுக்குப் போனோம். லயத்தின் முன்னால் அக்கா விறகு உடைத்துக்கொண்டிருந்தார். நானா மன்னிப்புக் கேட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. சம்பளத்தைக் கூட்டித் தருவதாகவும் சொன்னார். அக்கா சொன்னது எனக்கு இன்றும் சொல்லுக்குச் சொல் ஞாபகமிருக்கிறது: “சம்பளம் கூட்ட வேணாங்க. ராத்திரிக்கு ஒரு ஆளு குடுங்க. மாசத்துல ரெண்டு தடவ நான் புள்ளைங்கள பாத்துட்டு வரணும்.”

இவ்வளவுதான் கேட்டார். வாரத்தில் மூன்று இரவுகளை நாங்கள் எடுத்துக்கொண்டோம். நானாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று. அந்த மூன்று இரவுகளில் அக்கா வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கினார். மாதம் இரண்டு தடவை சனிக்கிழமை போய்த் திங்கட்கிழமை வருவார். அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அவர் எங்களோடு இருந்தார்.

ஆகவே சகோதரி, ஆள் வைப்பது பாவமா என்பதைவிட, வைக்கும் ஆளையும் நம்மைப்போல் தேய்த்து முடித்துவிடாமல் இருப்போமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. உங்கள் இடுப்பு போனது உங்கள் பலவீனத்தால் அல்ல. ஒருவர் செய்ய முடியாத வேலையை ஒருவராகச் செய்ததால் போனது. அதே வேலையைச் சம்பளம் கொடுத்து வேறொரு பெண்ணிடம் அப்படியே தூக்கிக் கொடுத்தால் அவருடைய இடுப்பும் போகும்.

முதியோர் இல்லத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பது நம்மவர் வழக்கம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கொழும்பு மருதானையில் ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆதரவற்ற முதியோரைப் பார்த்து வருகிறார்கள். ஒருவருமே இல்லாதவருக்கும், பிள்ளைகள் எல்லோரும் கடல் கடந்துவிட்டவருக்கும், வீட்டில் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு நோய் முற்றியவருக்கும் நல்லதோர் இல்லம் பெரிய உதவி. அப்படிச் சேர்த்த பிள்ளையைத் தெருவில் வைத்துக் குறை பேசுபவர்கள் ஓர் இரவாவது வந்து மாறி உதவியவர்களாக இருப்பதில்லை.

ஆனால் சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையங்களைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்திருக்கிறது. பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சொல்லிவிட்டுக் காலையில் போகாமல், சொல்லாமல் மாலையில் போங்கள். தாழ்வாரத்தில் மூத்திர வாடை அடிக்கிறதா, கூப்பிட்டால் யாராவது வருகிறார்களா, தொழுகைக்குக் கழுவிவிட ஆள் உண்டா, சாப்பாடு என்ன என்று பாருங்கள். உங்கள் உம்மாவைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது. கிழக்கிலிருந்து கொழும்பு ஓர் இரவுப் பயணம். கொழும்புச் சகோதரர் வெள்ளிக்கிழமை தோறும் போய்ப் பார்ப்பார் என்று வைத்துக்கொள்வோம். பாரிசவாதத்தில் பேச்சும் தடுமாறும் ஒரு மனுஷி, மற்ற ஆறு நாட்கள் தன் ஊர்ப்பேச்சே காதில் விழாத இடத்தில் யாரோடு பேசுவார்? வீட்டிலென்றால் வலப்பக்கம் விழுந்திருந்தாலும் மீன்காரனின் சத்தம் கேட்கும். பள்ளிப் பாங்கு கேட்கும். அடுத்த வீட்டு மாமி வேலியோரம் நின்று சுகம் விசாரிப்பார். அவர் தன் நினைவில் இருக்கிறார், வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லிவிட்டார். அதன் பின்னும் பிள்ளைகள் கூடி வேறு முடிவெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, ஆளை எங்கே தேடுவது? உங்கள் ஊரிலேயே தேடுங்கள். சவூதியிலும் குவைத்திலும் பிறர் வீட்டு மூதாட்டிகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, ஊசி போடவும் பழகித் திரும்பிய பெண்கள் இல்லாத கிராமம் கிழக்கில் இல்லை. அந்த அனுபவத்தைத் தொழிலாக யாரும் மதிப்பதில்லை. வீட்டு வேலைக்குப் போய் வந்தவள் என்றுதான் பேச்சு. இன்று முதியோர் பராமரிப்புக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் பயிற்சிகளும் நாட்டில் நடக்கின்றன. ஆனால் பயிற்சி பெற்ற இளம்பிள்ளைகள் பலருக்குக் கண் வெளிநாட்டில். 2019 இல் ஜப்பானோடு ஒப்பந்தமான பின்னர், பராமரிப்பு வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கும் வகுப்புகளுக்குக் குறைவில்லை. நமது பெண்கள் அந்நிய நாட்டு முதியோரைப் பார்க்கப் போக, நமது முதியோரைப் பார்க்க ஆள் தேடி நாம் அலைகிறோம். முதியோர் தொகையோ ஏறிக்கொண்டே போகிறது. 1981 இல் அறுபது வயதைத் தாண்டியவர்கள் சனத்தொகையில் 6.6 சதவீதம். 2012 கணக்கெடுப்பில் அது 12.4 சதவீதம். அதன்பின்னரும் ஏறியிருக்கிறது.

கொழும்பு, கண்டி போன்ற நகரங்களில் ஆள் அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் மூலம் எடுப்பதானால், வந்தவர் சுகவீனமுற்றால் பதில் ஆள் தருவார்களா என்று கேளுங்கள். நீங்கள் கட்டும் பணத்தில் வேலை செய்பவருக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். அதைச் சொல்ல மறுப்பவர்களிடம் நான் எடுக்க மாட்டேன். தோட்டப்புறத்திலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவரும் தரகர்களின் பேச்சுக்குப் போகவே வேண்டாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது 2021 முதல் சட்டத்துக்கு முரண். சட்டம் கிடக்கட்டும், நோயாளியைத் தூக்கிக் கிடத்துவது பிள்ளைகளின் உடம்புக்கு ஏற்ற வேலையா?

(படுக்கையில் இருப்பவர் வாப்பாவாக இருந்தால் ஆண் ஒருவரைத் தேடுங்கள். கழுவிவிட அந்நியப் பெண்ணை வைத்தால் வாப்பா கூசிக் கூசியே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார். கண்டிருக்கிறேன்.)

ஆள் கிடைத்ததும் பேசிய விடயங்களை ஒரு தாளில் எழுதி இருவரும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலையாட்களுக்கென்று இந்நாட்டில் பிரித்தானியர் காலத்தில் 1871 இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அது அவர்களைப் பதிவு செய்வது பற்றியது. அவர்கள் எப்போது உறங்குவது என்பதைப் பற்றியதல்ல. அதனால் அதை நாமேதான் எழுத வேண்டும். மாதத்தில் எந்தத் திகதி சம்பளம், எந்த நாட்கள் விடுமுறை, எந்த இரவுகள் அவருடையவை, அவருடைய பெருநாளுக்கோ தீபாவளிக்கோ எத்தனை நாள் என்று எழுதுங்கள். உம்மாவின் சமையல், உம்மாவின் உடுப்பு, உம்மாவின் அறை இவை தவிர வேறு வேலை இல்லை என்பதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் மூன்றாம் மாதம் அவர் உங்கள் சட்டைகளையும் அயன் பண்ணிக்கொண்டிருப்பார்.

நகைகளை அவர் வருவதற்கு முன்னரே எடுத்து வேறிடத்தில் வையுங்கள். அவர்மேல் சந்தேகம் கொண்டு இதைச் சொல்லவில்லை. அவரைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன். எங்கள் உம்மா ஒருநாள், “என்ட காப்ப இவ களவெடுத்துட்டா” என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினார். மறதி நோய் உள்ளவர்கள் பொருளை எங்கோ வைத்துவிட்டு, அருகில் இருப்பவர் எடுத்ததாகச் சொல்வது அந்நோயோடு அடிக்கடி வருவது. அது எங்களுக்கு அன்று தெரியாது. அக்காவின் பையை மதினி திறந்து பார்த்தார். அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு துணியாகத் தானே எடுத்து உதறிக் காட்டினார். இரண்டு நாள் கழித்து அரிசி வாளியின் அடியில் காப்பு இருந்தது. உம்மாவே புதைத்து வைத்திருக்கிறார். அந்தப் பை உதறலை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் உம்மாவின் நோயைப் பொறுத்தவரை, வருபவருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டியவை உண்டு. பாரிசவாதத்தால் விழுங்குவது தடுமாறும். படுக்கவைத்து ஊட்டவே கூடாது. நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிது சிறிதாக ஊட்டி, சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்க விட வேண்டும். சாப்பாடு மூச்சுக்குழலுக்குள் போனால் நியூமோனியாவில் கொண்டுபோய் விடும். தூக்கும்போது விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு கழன்றுவிடும். சீனி வருத்தத்துக்கு மருந்தோ ஊசியோ கொடுத்துவிட்டுச் சாப்பாடு பிந்தினால் வியர்த்து, நடுங்கி, தடுமாறிப் பேசுவார். தன் நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் உடனே சீனி கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவில்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். திடீரென்று ஒருநாள் பேச்சுக் குழம்பினால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். வயதான பெண்களுக்குச் சிறுநீரில் கிருமி பிடித்தாலும் முதல் அடையாளம் அதுவாக இருக்கலாம்.

றமழான் வருமுன் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். உம்மா நோன்பு பிடிக்கத்தான் போகிறேன் என்பார். ஆயுளில் விடாதவர். அவரிடம் வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பைச் சம்பளத்துக்கு வந்த பெண்ணிடம் விடாதீர்கள். வைத்தியர் சொல்வதைக் கேட்டு, நோயாளிக்குரிய சலுகையையும் பித்யாவையும் பற்றி மௌலவி ஒருவரை வீட்டுக்கு அழைத்து உம்மாவின் காதில் விழச் சொல்ல வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு அன்றெல்லாம் அழுதார்.

இனி உங்கள் சகோதரர்களின் விடயம். அவர்கள் இருவரும் இதைப் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். நான் மேலே சொன்ன 2000 ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. மகன், மகள், வீடு வாங்கியவள், வாங்காதவன் என்று அது பிரிக்கவில்லை. தம்மைப் பராமரிக்க வழியற்ற பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவு கோரி விண்ணப்பிக்கவும் அதில் இடமுண்டு. உங்கள் வீட்டுக்கு அது தேவைப்படாது, இன்ஷா அல்லாஹ். கலியாணத்துக்குக் கொடுத்த வீடு, உம்மாவைப் பராமரிப்பதற்கு முப்பது வருடம் முன்கூட்டிக் கொடுத்த கூலியா? வாரிசுப் பங்கு பிரிக்கும்போது ஆணுக்குரிய பங்கை மார்க்கம் சொன்னபடி கணக்காகக் கேட்பவர்கள், உம்மாவின் பாரத்தைப் பிரிக்கும்போது மட்டும் ஊர் வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வருவது எனக்கு விளங்கவில்லை.

என் யோசனை இதுதான். சம்பளம் முழுவதும் கத்தார்ச் சகோதரருடையது. மருந்து, பம்பர்ஸ், காற்று மெத்தை, கொமட் கதிரை இவை கொழும்புச் சகோதரருடையவை. காற்று மெத்தையை முதலிலேயே வாங்கிவிடுங்கள், புண் வந்த பிறகல்ல. செலவை ஒரு கொப்பியில் எழுதி மாதமொருமுறை மூவரும் தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள். காசோடு மட்டும் முடியக் கூடாது. கொழும்புச் சகோதரர் மாதத்தில் ஒரு வெள்ளி, சனி வந்து உம்மாவின் அறையில் படுக்க வேண்டும். உம்மாவைக் கழுவிவிடுவது அவருக்குரிய வேலையல்லதான். அதற்கு நீங்கள் இருக்கிறீர்கள். ஆனால் இரவு புரட்டிக் கிடத்தலாம், தண்ணீர் பருக்கலாம், உம்மா கூப்பிட்டால் “என்ன உம்மா” என்று கேட்கலாம். அந்த இரண்டு நாளும் வந்த பெண்ணுக்கு விடுமுறை. கத்தார்ச் சகோதரர் லீவில் வரும் மாதத்தில் அவருடைய முறை. நீங்கள் வாரத்தில் இரண்டு இரவு எடுங்கள். அதற்கு மேல் எடுக்க வேண்டாம். உங்கள் இடுப்புக்கு வைத்தியம் பாருங்கள்.

நீங்கள் அல்லாஹ்விடம் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது, சகோதரி. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 2019 இல் எங்கள் உம்மா வபாத்தானார். மையித்தைக் குளிப்பாட்டிய பெண்கள் வெளியே வந்து, இத்தனை காலம் படுக்கையில் கிடந்த உடம்பில் ஒரு புண்ணையும் காணவில்லை, முதுகடியில் ஆறிய பழைய தழும்பு ஒன்றுதான் இருந்தது என்றார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அது அந்த ஐந்து நாட்களில் வந்தது. அக்கா குசினி வாசற்படியில் உட்கார்ந்து உம்மாவின் தொழுகை உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

கடித ஓரத்தில் நீங்கள் கேட்டிருந்த கேள்வி: உம்மாவை வைத்தியசாலையில் நிறுத்தினால் அந்த நாட்களுக்கும் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா?

கொடுங்கள், முழுதாகக் கொடுங்கள். பெண்கள் வார்ட்டில் உம்மாவின் கட்டிலருகே இருக்க அவர் வந்தால் அவருடைய சாப்பாட்டையும் வீட்டிலிருந்து அனுப்புங்கள். அங்கேயும் இரவுக்கு மாறிக்கொள்ளுங்கள். நீங்களே நிற்பதாக இருந்தால் அவரை ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்து வரச் சொல்லி, பஸ் காசையும் கையில் வைத்து அனுப்புங்கள்.